52 வயது நாயகி, 150 நாள் ஆடு: ஒரு நாவல் கைப்பிரதியின் நிகழ்வு ஆய்வு

கைப்பிரதியாக என்னிடம் வந்து, பெரிய மாற்றங்களுக்குப் பிறகு அச்சான ஒரு நகைச்சுவைக் காதல் நாவலைப் பற்றிய பதிவு இது. எழுத்தாளரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவர் பெயரும் நாவலின் பெயரும் இங்கே வராது. கதை விவரங்கள் சிலவற்றை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். நடுவயதுக் காதலை எழுதுபவர்களையும், அப்படிப்பட்ட கைப்பிரதிகள் மேசைக்கு வரும் எடிட்டர்களையும் மனதில் வைத்துக்கொண்டு எழுதியது.

பின்னணி

எழுத்தாளர் ஐம்பதைத் தாண்டியவர். அதுவரை சிறுகதைகள் மட்டுமே எழுதியிருந்தார்; இது முதல் நாவல். நாயகிக்கு 52 வயது. ஒரு நிறுவனத்தின் தணிக்கைப் பிரிவில் நீண்டகாலம் வேலை பார்த்துவிட்டு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டவள். மணமுறிவு பழைய கதையாகிவிட்டது. 26 வயதில் ஒரு மகன், நகரத்தில் இருக்கிறான். இறந்துபோன அத்தை தன் பேருக்கு எழுதிவைத்த வீட்டையும், வீட்டோடு வந்துசேர்ந்த ஆடுகளையும் விற்றுவிட்டுத் திரும்பலாம் என்று கிராமத்துக்குப் போகிறாள். பக்கத்து நிலத்துக்காரருக்கு 56 வயது. மனைவியை இழந்தவர், ஊர்ப் பால் சங்கத்தின் பொருளாளர். மீதியை வாசகரே சொல்லிவிடுவார்.

அப்படிச் சொல்லிவிட முடிவது இந்த வகை நாவலுக்குக் குறையே இல்லை. 1980இல் தொடங்கப்பட்ட அமெரிக்கக் காதல் நாவல் எழுத்தாளர் சங்கம் (ரொமான்ஸ் ரைட்டர்ஸ் ஆஃப் அமெரிக்கா) இவ்வகைக்கு வைத்த இலக்கணத்தில் இரண்டே நிபந்தனைகள்தான்: கதையின் நடுவில் காதல் இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். கடைசிப் பக்கம் முன்கூட்டியே தெரிந்திருப்பதால் வாசகரின் கவனமெல்லாம் போகும் வழியின் மேல்தான் விழும். வழி சரியாக இல்லாவிட்டால் ஒளிந்துகொள்ள வேறு இடமே கிடையாது.

என்னிடம் வருவதற்கு முன் ஒரு பதிப்பாளர் கைப்பிரதியைத் திருப்பியிருந்தார். "நாயகியின் வயதை 38 ஆக்கினால் பார்க்கலாம்" என்பது அவர் தந்த ஒரே யோசனை. எழுத்தாளருக்கு அதில் கோபம். என்னிடம் அவர் கேட்டது வேறு: முதல் கால்பகுதியில் சிரிக்கிறவர்கள் அதற்குப் பிறகு ஏன் சிரிப்பதில்லை?

முதல் வாசிப்பில் தெரிந்தது

பதிப்பாளரின் யோசனையைக் கோபத்தோடு தள்ளுவது சுலபம். நான் அதைச் சோதித்துப் பார்த்தேன். நகல் ஒன்றில் 52ஐ அடித்துவிட்டு 38 என்று போட்டுக்கொண்டு, கதை எங்கே இடறுகிறது என்று பார்த்தபடியே படித்தேன். மகனின் வயதைத் தவிர எதுவும் இடறவில்லை. அதே வாசிப்பில் கிராமத்தையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கடற்கரை விடுதியைக் கற்பனை செய்துகொண்டேன். காட்சிகள் அப்படியே நின்றன. ஆடுகள் மட்டும் வேலையிழந்தன.

வயதைக் குறைக்கச் சொன்னவர் தப்பான தீர்வைச் சொன்னாரே தவிர, குறையைச் சரியாகவே மோப்பம் பிடித்திருந்தார். நடுவயது, கிராமம் என்ற இரண்டின் மேல்தான் இந்த நாவல் தன்னை விற்றுக்கொள்கிறது. கதையோட்டத்துக்கோ இரண்டுமே தேவைப்படவில்லை. இதற்குப் பிறகு எடுத்த முடிவுகள் எல்லாவற்றுக்கும் இந்தக் கண்டுபிடிப்புதான் அடிப்படை.

வேறு சிலவும் கண்ணில் பட்டன. காதலர்கள் பிரியும் இடத்தில், நாயகி அவரை இன்னொரு பெண்ணோடு பார்க்கிறாள்; அந்தப் பெண் அவருடைய தங்கை. ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்துபோகும் விஷயத்தில் நாலு அத்தியாயம் கண்ணீர். மகன் வீட்டை அபகரிக்கத் திட்டம் போடும் வில்லனாக வந்தான். இறந்த மனைவி சிடுசிடுப்பானவளாகக் காட்டப்பட்டிருந்தாள், புதிய காதலுக்கு இடம் ஒழித்துக் கொடுப்பதற்காக. ஊருக்குத் தெரியாமல் இருவரும் சந்திக்கும் காட்சிகள் ஏராளம். கிராமத்தில் வாழ்ந்த எவரும் இதை நம்ப மாட்டார்கள்.

மூன்றாம் அத்தியாயத்தில் கிடாவோடு சேரும் ஆடு ஒன்பதாம் அத்தியாயத்தில் குட்டி போட்டது. இடையில் கதைக்குள் ஓடிய காலம் ஏழு வாரம். ஆட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள்.

சிரிப்புக் குறிகள்

என் கருத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க விரும்பவில்லை. இருபதுகளில் இருந்து அறுபதுகள் வரை வெவ்வேறு வயதில் சிலரிடம் கைப்பிரதியைக் கொடுத்தோம். கருத்து எதுவும் எழுத வேண்டாம், சிரித்த இடத்தில் ஒரு டிக், கீழே வைக்கத் தோன்றிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி, அவ்வளவுதான் என்று சொன்னோம். நகைச்சுவை பற்றி அபிப்பிராயம் கேட்டால் எல்லோரும் மரியாதையாகப் பொய் சொல்வார்கள். ஓரத்தில் போடும் டிக்குக்கு அந்த மரியாதை தெரியாது.

முதல் கால்பகுதியின் டிக்குகள் பெரும்பாலும் ஒரே வகையான காட்சிகளின் மேல் விழுந்திருந்தன: நகரத்துப் பெண் சேற்றில் வழுக்கி விழுகிறாள், ஆடு அவள் துப்பட்டாவைத் தின்கிறது, அடுப்பு மூட்டத் தெரியாமல் புகையில் இருமுகிறாள். இவை முதல் முறை சிரிப்பூட்டின. மூன்றாம் முறை சேற்றில் விழுந்தபோது பெருக்கல் குறிகள் தொடங்கின. பெரிய நிறுவனத்தின் கணக்குகளை வரிவரியாகக் குடைந்த ஒரு பெண் இத்தனை அசடாக இருப்பாளா என்ற சந்தேகம் வாசகருக்கு வந்துவிட்டது. சந்தேகம் வந்த இடத்தில் சிரிப்பு தங்காது.

இரண்டாவது வகை, வயதைக் கிண்டல் செய்யும் வரிகள். மூட்டுவலி, தலைச்சாயம், மறதி, மாதவிடாய் நிற்கும் பருவத்தின் உடல் வெப்பம். இளையவர்கள் இங்கே டிக் போட்டிருந்தார்கள். ஐம்பதைத் தாண்டியவர்கள் எந்தக் குறியும் போடாமல் கடந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் பிறகு எழுத்தாளரிடம் சொன்னது: "இதெல்லாம் என்னைப் பத்தி மத்தவங்க சொல்ற ஜோக். நான் சொல்ற ஜோக் எங்கே?"

மூன்றாவது வகை மிகக் குறைவு. ஆனால் எல்லா வயதினரும் டிக் போட்ட இடம் அது. நாயகி பால் நிலையத்தில் வரிசையில் நிற்கும்போது, பழக்க தோஷத்தில் சுவரில் ஒட்டியிருக்கும் கணக்குத் தாளைக் கூட்டிப் பார்க்கிறாள். கூட்டல் தப்பு. யாரும் கேட்காமலேயே பேனா எடுத்துத் திருத்துகிறாள். அரைப் பக்கம்தான் வரும் காட்சி, முதல் வரைவில் அதற்குப் பின்தொடர்ச்சியே இல்லை.

எடுத்த முடிவுகள்

அந்த அரைப் பக்கத்தை நாவலின் முதுகெலும்பாக்கலாம் என்று சொன்னேன். பக்கத்து நிலத்துக்காரர்தான் பொருளாளர். கணக்கில் துண்டு விழுகிறது. கண்டுபிடிப்பவள் அவள். தங்கை விவகாரத்தை முழுக்க எடுத்துவிட்டு, பிரிவுக்குக் காரணமாக இதை வைக்கலாம். எழுத்தாளர் முதலில் தயங்கினார்: கதாநாயகன் பணத்தைத் தின்றவன் போல ஆகிவிடாதா? இரண்டு நாள் கழித்து அவரே ஒரு தீர்வோடு வந்தார். பொருளாளருக்குக் கூட்டல் வராது. ஊர் முழுக்க மதிக்கும் மனிதர். அதை ஒப்புக்கொள்ள வெட்கம். துண்டு விழும் போதெல்லாம் தன் கைக்காசைப் போட்டுச் சரிக்கட்டியிருக்கிறார். அதையும் தப்பாகவே கூட்டியிருக்கிறார். ஆகவே சங்கத்தின் பெட்டியில் கணக்கைவிட அதிகமாகப் பணம் இருக்கிறது. திருடனைத் தேடிப் போனவள் உபரியைக் கண்டு குழம்புகிறாள். நான் கொடுத்த யோசனையைவிட இது எவ்வளவோ மேல்.

வயதுக்கும் இது பொருத்தம். இருபதுகளின் காதலில் தடை என்பது ஒருவரைப் பற்றி இன்னொருவருக்குத் தெரியாத விஷயம். ஐம்பதுகளில் தடை, இருவரும் முப்பது வருடமாகக் கட்டிக்காத்த பெருமை. அதை ஒரு வார்த்தை கேட்டுத் தீர்த்துவிட முடியாது.

அடுத்தது மகன். இங்கே நகைச்சுவையின் பழைய கட்டமைப்பைக் கொஞ்சம் பேச வேண்டியிருந்தது. கி.மு. 316இல் ஏதென்ஸில் அரங்கேறிய, கிரேக்க நாடகாசிரியர் மெனாண்டரின் நாடகம் ஒன்று கிராமத்தில்தான் நடக்கிறது. நகரத்து இளைஞன் ஒருவன், யாரோடும் ஒட்டாத கிழட்டு விவசாயியின் மகள்மேல் ஆசைப்படுகிறான். உழைப்பாளி என்று காட்டிக்கொள்ள வயலில் மண்வெட்டி பிடித்து முதுகு ஒடிகிறான். அன்றைக்குப் பார்த்துக் கிழவர் வயலுக்கு வருவதில்லை. கிராமத்தில் நடக்கும் காதல் நகைச்சுவைக்கு இவ்வளவு நீண்ட வயது. அந்த மரபில் காதலிப்பவர்கள் இளையவர்கள், குறுக்கே நிற்பவர் அப்பா. 1957இல் வெளியான தன் விமர்சன நூலில் கனடா நாட்டு விமர்சகர் நார்த்ராப் ஃப்ரை இதை மேற்கத்திய நகைச்சுவையின் அடிப்படை அமைப்பாகவே விவரிக்கிறார்: மூத்தவர் தடுப்பார், இளையவர் வெல்வார், கடைசியில் தடுத்தவரையும் சேர்த்துக்கொண்டு புதிய குடும்பம் அமையும்.

நடுவயதுக் காதலில் இந்த அமைப்பு தலைகீழாகிறது. தடுப்பது பிள்ளை. எழுத்தாளர் மகனை வில்லனாக்கியதன் மூலம் இந்தத் தலைகீழைக் கதைக்குள் கொண்டுவந்திருந்தாலும், அதில் உள்ள வேடிக்கையைத் தவறவிட்டிருந்தார். தடுக்கும் அப்பாக்களில் பாதிப் பேர் கெட்டவர்கள் இல்லை, பயந்தவர்கள். மகனையும் அப்படியே ஆக்கச் சொன்னேன். திருத்திய வரைவில் அவன் தொலைபேசியில் கேட்கிறான்:

"அம்மா, நேத்து ராத்திரி எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தே?"

"பத்து இருக்கும்டா."

"பத்து இருக்கும்னா? பத்தா, பத்தரையா?"

அவள் பதில் சொல்வதற்குள் அவனே அடுத்ததைக் கேட்கிறான்: "உங்க பால் நிலையத்துல எட்டு மணிக்கே பூட்டிருவாங்களாமே?"

"அதை யாரு சொன்னா உனக்கு?"

அவன் 19 வயதில் இருந்தபோது அவள் கேட்ட அதே கேள்விகள், அதே வரிசையில். அடுத்த பக்கத்தில் அவனே அதை உணர்ந்து போனை வைத்துவிடுகிறான். முதல் வரைவில் வில்லனுக்காக ஒதுக்கியிருந்த மூன்று அத்தியாயங்கள் இந்த ஒரு உரையாடலோடு போய்ச் சேர்ந்தன.

இறந்த மனைவியைப் பற்றிய முடிவு எழுத்தாளருடையது. நான் கேட்டது, அவளைக் கெட்டவளாக்காமல் எழுத முடியுமா என்று மட்டும். அவர் விதை டப்பாக்களைக் கொண்டுவந்தார். தோட்டத்துக் கொட்டகையில் மனைவியின் கையெழுத்தில் பெயர் எழுதிய டப்பாக்கள் அடுக்கியிருக்கின்றன. கீரை என்று எழுதிய டப்பாவிலிருந்து நாயகி விதைக்கிறாள், பூசணிக்கொடி படர்கிறது. எழுதியிருப்பதை நம்பும் தணிக்கைக்காரிக்கு இது பெரிய அவமானம். பக்கத்து நிலத்துக்காரரோ சிரித்துச் சிரித்துக் கண் கலங்குகிறார்: "அவ எப்பவும் அப்படித்தாங்க. டப்பா ஒண்ணு, உள்ளே ஒண்ணு." மனைவி கதைக்குள் மரியாதையோடு இருந்தாள், சிரிப்பும் மூட்டினாள். யாரையும் துரத்த வேண்டியிருக்கவில்லை.

ஒளிந்து சந்திக்கும் காட்சிகள் எல்லாம் போயின. அதற்குப் பதிலாக, இருவருக்கும் தெரிவதற்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. பால் நிலையத்தில் அவள் வந்தால் வரிசையில் அவர் பக்கத்தில் இடம் தானாக உண்டாகிறது.

உடல் வெப்பம் பற்றிய வரிகள் மூன்றில் ஒன்று மட்டும் மிஞ்சியது, அதுவும் அவள் வாயால். மாதவிடாய் நிற்பது பெரும்பாலான பெண்களுக்கு 45இலிருந்து 55 வயதுக்குள் நடக்கிறது. 52 வயது நாயகி கொண்ட நாவலில் அதை மறைப்பதும் ஒரு பொய்தான். அவரைப் பார்க்கும்போது முகம் சூடாகிறது. காதலா, வயதா? அவள் என்ன செய்வாளோ அதையே செய்கிறாள்: நோட்டில் தேதி, நேரம், அருகில் யார் இருந்தார்கள் என்று பத்தி போட்டு எழுதத் தொடங்குகிறாள். இந்தப் பக்கத்தில் ஐம்பதைத் தாண்டியவர்களின் டிக்குகள் குவிந்தன.

ஆட்டை வைத்துக் காலத்தை அளந்தது

150 நாள் விஷயத்தை வெறும் தகவல் பிழையாக எடுத்துக்கொண்டு ஒரு வரியில் சரிசெய்திருக்கலாம்: ஏற்கெனவே சினையாக இருந்த ஆடு என்று எழுதினால் முடிந்தது. எழுத்தாளர் முதலில் அதைத்தான் செய்தார். நான் மறுத்ததற்குக் காரணம், முதல் வரைவின் இன்னொரு நோய்: இரண்டாம் வாரத்திலேயே காதலைச் சொல்லிவிடுகிறார்கள். 52 வயதில், ஒரு திருமணம் முறிந்த அனுபவத்தோடு, இரண்டு வாரத்தில் எவரும் எதையும் சொல்ல மாட்டார்கள். கதையை ஐந்து மாதம் ஓடவிட்டால் இரண்டும் தீரும்.

சினை ஆட்டை விற்க வேண்டாம், குட்டி போட்ட பிறகு விற்றால் நல்லது என்று பக்கத்து நிலத்துக்காரர் சொல்கிறார். அவள் திரும்பிப் போகாமல் இருப்பதற்கு இதைவிட நேர்மையான காரணம் கிடைக்காது; அவளுக்கே அது சாக்கு என்று தெரிய மூன்று மாதம் ஆகிறது. விதைப்பு, களையெடுப்பு, தண்ணீர்த் தட்டுப்பாடு, அறுவடை என்று வேலைகளின் வரிசை தானாக அத்தியாயங்களைப் பிரித்துக் கொடுத்தது. வேலை நடக்கும்போதுதான் அவர்கள் பேசுகிறார்கள்.

காதலைச் சொல்லும் இடம் நாலாம் மாதத்துக்குப் போனது. அந்தக் காட்சியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கணக்கு உபரிக்கு எழுத்துமூலம் விளக்கம் வேண்டும் என்று அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஒருநாள் பால் நிலையத்தில் அவர் ஒரு மடித்த தாளைக் கையில் திணித்துவிட்டு நகர்கிறார். அவளிடம் கண்ணாடி இல்லை. கையை நீட்டி நீட்டிப் பார்க்கிறாள், எழுத்து தெரியவில்லை. அவருடைய கண்ணாடியும் வீட்டில். விளக்கம் எல்லோர் முன்னிலையிலும் பதிவாகட்டும் என்று, பால் ஊற்ற வந்த பள்ளிக்கூடப் பையனிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்கிறாள். முதல் இரண்டு வரி கணக்கைப் பற்றி. மூன்றாவது வரியில் பையன் நிறுத்துகிறான்: "இதையும் படிக்கணுமா அத்தை?" ஊரே சேர்ந்து சொல்கிறது, படிடா.

எழுத்தாளர் இதை அனுப்பிய பிறகு பழைய சோதனையை இந்தக் காட்சியில் செய்துபார்த்தேன். 38 என்று போட்டால் கண்ணாடி இல்லாமலேயே படித்துவிடுவாள். கடற்கரை விடுதியில் வைத்தால் வரிசையில் நிற்பவர்கள் அந்நியர்கள். காட்சி எழும்பவே இல்லை.

முடிவைப் பற்றிய கருத்து வேறுபாடு

இது தீரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். கடைசியில் அவர்கள் திருமணம் செய்துகொள்வதில்லை, ஒரே வீட்டுக்கும் போவதில்லை. இரண்டு வீடுகளுக்கும் நடுவில் இருந்த வேலியில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு வழி வைக்கிறார்கள். அவளுக்கு மறுபடியும் இன்னொருவர் வீட்டுக்குள் குடிபோக விருப்பமில்லை. அவருக்கு டப்பாக்கள் இருக்கும் கொட்டகையை விட்டு வர மனமில்லை. எனக்கு இது பிடித்திருந்தது. ஆனால் வாசகருக்கு நிறைவு போதுமா என்ற சந்தேகமும் இருந்தது. குறைந்தது மகன் ஊருக்கு வந்து அந்த வழியாக நுழையும் ஒரு காட்சியாவது வேண்டும் என்றேன். எழுத்தாளர், அது எல்லாவற்றையும் கட்டி முடிச்சுப் போடுவதாக ஆகிவிடும் என்று மறுத்தார். நாவல் அவருடையது, அவர் சொன்னபடியே போனது.

என்ன நடந்தது

மொழிநடைத் திருத்தத்தில் சொல்ல அதிகம் இல்லை. இருவர் மனதுக்குள்ளும் மாறி மாறிப் போய்வந்த சொல்முறையை நாயகியின் பார்வைக்கு மட்டும் சுருக்கினோம். அவர் மனசு தெரியாததால் தாள் காட்சிக்கு வலு கூடியது.

திருத்திய வரைவை இன்னொரு பதிப்பாளர் எடுத்துக்கொண்டார். வயதைப் பற்றிப் பேச்சே வரவில்லை. அட்டைக்கு வந்த முதல் ஓவியத்தில் காற்றில் கூந்தல் பறக்கும் ஓர் இளம்பெண் வயலைப் பார்த்து நின்றிருந்தாள். எழுத்தாளர் ஏற்கவில்லை, கண்ணாடியும் மடித்த தாளும் வந்தன. பின்னட்டையில் 'இரண்டாம் வசந்தம்' என்று எழுத வேண்டும் என்பதில் விற்பனைப் பிரிவு உறுதியாக இருந்தது. அது அட்டையிலேயே தங்கிவிட்டது.

வாசகர் எதிர்வினை கலவையாகவே வந்தது. பால் நிலையக் காட்சியைப் பலர் குறிப்பிட்டார்கள். மகனோடு தங்களை அடையாளம் கண்டுகொண்ட இளைய வாசகர்கள் இருந்தார்கள், நாங்கள் எதிர்பாராதது அது. முடிவு அந்தரத்தில் நிற்கிறது என்ற புகாரும் வந்தது, ஒன்றிரண்டு பேரிடமிருந்து அல்ல. ஆடு வளர்க்கும் ஒருவர் எழுதிய கடிதம் தனி ரகம். சினைக்காலம் சரியாக இருப்பதைப் பாராட்டிவிட்டு, இரட்டைக் குட்டி பிறந்ததை ஊரே அதிசயமாகப் பார்ப்பதாக எழுதியிருக்கும் இடத்தில் தான் வாய்விட்டுச் சிரித்ததாகச் சொல்லியிருந்தார். ஆடு இரட்டைக் குட்டி போடுவது சர்வசாதாரணம்.

அடுத்த கைப்பிரதியில் மாறப்போவது

வயதையும் இடத்தையும் மாற்றிப் படிக்கும் சோதனையை இப்போது எழுத்தாளரிடமே, கைப்பிரதி அனுப்பும் முன் செய்துபார்க்கச் சொல்கிறேன். வெளியிலிருந்து எடிட்டர் சொல்லும்போது அது வயதைக் குறைக்கச் சொன்ன பதிப்பாளரின் குரல் போலவே ஒலிக்கிறது. கோபம் ஆற நேரம் பிடிக்கிறது.

காலவரிசைத் தாள் ஒன்றை முதலிலேயே கேட்பேன்: எந்த அத்தியாயத்தில் எந்த மாதம், வயலில் என்ன வேலை, ஆடு எந்த நிலையில். முதல் வாசகர் குழுவில் வயதுக் கலப்பு மட்டும் போதாது. கதையில் வரும் தொழிலைக் கையால் செய்பவர் ஒருவராவது இருக்க வேண்டும். டிக் முறை அப்படியே தொடரும். கூடவே, முடிவைப் படித்தவுடன் புத்தகத்தை மூடினார்களா, பக்கத்தைத் திருப்பி மேலே ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளப் போகிறோம். முடிவைப் பற்றி எனக்கும் எழுத்தாளருக்கும் இருந்த வாக்குவாதத்தைத் தீர்க்க அந்தக் குழுவிடம் எந்தத் தகவலும் இருக்கவில்லை.

இரண்டாம் அச்சுக்கு எழுத்தாளர் திருத்தங்கள் அனுப்பிவிட்டார். இரட்டைக் குட்டிகளைப் பார்த்து இனி ஊர் வாயைப் பிளப்பதில்லை. நாயகி மட்டும் பிளக்கிறாள், மற்றவர்கள் அவளைப் பார்க்கிறார்கள். மகன் வேலி வழியாக வரும் காட்சி சேர்க்கப்படவில்லை.